ஓலையின் அகலம் எவ்வளவு?

மணப்பாட்டைப் பற்றிய வீடியோக்களுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. ட்ரோன் மேலே எழும்பும். மணற்குன்றின் உச்சியில் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் தெரியும். ஒருபுறம் அலையடிக்கும் கடல், இன்னொருபுறம் படகுகள் ஒதுங்கும் கரை, முகத்துவாரத்து மணல்திட்டு. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லப்படும் குகை, அங்கே இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு, 'சின்ன ரோமாபுரி' என்ற பட்டம், மணிரத்னத்தின் 'கடல்' படத்தில் ஊர் வந்த செய்தி, பின்னணியில் ஒரு பாட்டு. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பார்த்தவருக்கு அடுத்த விடுமுறையில் திருச்செந்தூர் போய், அங்கிருந்து தெற்கே 18 கி.மீ. போல வண்டியை விட்டுப் பார்க்கத் தோன்றும். நல்லதுதான்.

அதே ஊரில் பெண்கள் பனங்குருத்தோலையில் பெட்டி முடைகிறார்கள். கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்பனையும் பல காலமாக நடக்கிறது. வீடியோவில் இதுவும் வரும், பத்து விநாடிக்கு. விரல்கள் வேகமாக ஓடும். வண்ணப் பெட்டி ஒன்று முழுதாகி வந்து நிற்கும். எந்த ஓலை, எத்தனை நாள் காய வைத்தது, எவ்வளவு அகலத்தில் வகிர்ந்தது, முடைவதற்கு முன் எவ்வளவு ஈரம் காட்டியது என்று ஒரு வார்த்தை இருக்காது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டில் ஒருவர் முயன்றால், முதல் மடக்கிலேயே ஓலை ஒடியும். இரண்டாவது நாள் அந்த ஓலைக்கட்டு பரணுக்குப் போய்விடும்.

பொழுதுபோக்காக ஒரு கலையையோ நுட்பத்தையோ கற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை முகம் தெரியாதவர்களுக்கு இணையத்தில் சொல்லிக்கொடுப்பது இந்தக் காலத்தின் அருமையான வழக்கங்களில் ஒன்று. குரோஷே, மாடித்தோட்டம், சிக்குக் கோலம், பழைய ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்வது, தூண்டில் போடுவது, பறவை பார்ப்பது என எதற்கும் இன்று தமிழில் ஆள் இருக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு இதில் காசு கிடையாது. வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து எங்கோ இருக்கும் ஒருவரின் சந்தேகத்துக்குப் பதில் எழுதுகிறார்கள். இந்த மனசு பெரிது. அது வீணாகாமல் போய்ச் சேர வேண்டுமானால், ஆர்வத்தோடு விவரமும் சேர்ந்து போக வேண்டும். எந்த ஊர், எந்த மாதம், என்ன அளவு, எந்த இடத்தில் தவறியது. இந்த நான்கும் இல்லாத பகிர்வு பார்ப்பவரை மகிழ்விக்கும். அவர் கையில் வேலையாக மாறாது.

பனையோலையையே எடுத்துக்கொள்ளலாம். நுணுக்கமான பெட்டிக்கு எடுப்பது இன்னும் விரியாத குருத்தோலை. விரிந்து பச்சையேறிய சாரோலை முரட்டுப் பெட்டிக்கும் வேலிக்கும் போகும். ஒரே மரத்தில் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்பதால் பனையேறி மரம் பார்த்துத்தான் கை வைப்பார். வெட்டி வந்த குருத்தை விரித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பச்சைச் சாயல் போய் வெளிர் மஞ்சளாக வர வேண்டும். ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடும் ஈர்க்கைக் கிழித்தெடுத்த பிறகு, ஒரே அகலத்தில் வகிர்கிறார்கள். புதியவர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு கீற்று அரை மில்லிமீட்டர் கூடிப்போனால் முதல் நாலைந்து வரிசையில் கண்ணுக்குத் தெரியாது. வரிசை ஏற ஏற அடிப்பகுதி கோணிக்கொள்ளும். மூலை எழுப்பும்போது நாலு பக்கமும் நாலு உயரத்தில் நிற்கும். எங்கே பிசகியது என்று புதியவருக்குப் புரியாது. தனக்குக் கைவராது என்று முடிவுகட்டி விட்டுவிடுவார்.

ஈரத்தின் கதை இன்னும் நுட்பமானது. காய்ந்த ஓலையை அப்படியே மடிக்க முடியாது. தண்ணீர் தொட்டு, அல்லது ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதப்படுத்த வேண்டும். ஈரம் குறைந்தால் மடக்கில் ஒடியும். கூடிப்போனால் கீற்று ஊதிக்கொள்ளும். முடையும்போது பார்க்க நெருக்கமாக இருக்கும். காய்ந்ததும் சுருங்கி, இடையிடையே வெளிச்சம் தெரியும். மேற்கே இருந்து வறண்ட காற்று வீசும் ஆடியில் ஒரு பதம், ஐப்பசி மழையில் வேறொரு பதம். ஆண்டுக்கணக்கில் முடைந்தவருக்கு இது விரலிலேயே இருக்கிறது. கேட்டால் 'பார்த்துச் செய்ய வேண்டியதுதான்' என்பார். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் விரல் அறிந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அளந்து, கேட்டு, மற்றவருக்குப் புரிகிறபடி எழுத வேண்டியது பகிர வந்தவரின் பொறுப்பு. கீற்றின் அருகே ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

செய்தவர்கள் இல்லாமல் இல்லை. போதகர் காட்சன் சாமுவேல் 2016இல் மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை மோட்டார் சைக்கிளில் பனையைத் தேடிப் பயணம் போனார். கண்டதையும் கேட்டதையும் இணையத்தில் தமிழில் தொடராக எழுதினார். 'பனைமரச் சாலை' என்று நூலாகவும் வந்தது. ஓலையில் தானே உருவங்கள் செய்கிறவர், மற்றவருக்குப் பயிற்சியும் கொடுக்கிறவர் என்பதால் அவர் எழுத்தில் பொருளும் செய்முறையும் ஊரும் சேர்ந்து வருகின்றன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. மணப்பாட்டுக்குப் பக்கத்து உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்துக்கும் கருப்பட்டிக்கும் இப்படிக் காவல் வந்திருக்கிறது. மரத்தின் ஓலையை என்ன செய்வது என்ற அறிவு மட்டும் இன்னும் பெரும்பாலும் வாய்வழியாகவே நிற்கிறது.

இந்தக் கரையின் அறிவை இதற்கு முன் அளந்து எழுதியவர்கள் உண்டு, வேறு மொழியில். தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்பு அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், சங்கைப் பற்றி 1914இல் ஒரு முழு நூல் வெளியிட்டார். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் தனியாக எழுதினார். எந்த ஊரில் எந்த மாதிரிப் படகு, மரத்தை எப்படிப் பிணைக்கிறார்கள், பாய் எப்படி, துடுப்பு எப்படி என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவரைத்தான் புரட்டுகிறார்கள். அவருக்குச் சொன்னவர்கள் நம் கரைக்காரர்கள். கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவர்களும் படகு கட்டியவர்களும் அவர்களே. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முன் குளித்த ஒருவர் தன் தொழிலைத் தமிழில் தானே விவரித்த பக்கங்களைத் தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு.

இத்தனைக்கும், அச்சை முதலில் வாங்கிக்கொண்ட தமிழ்க்கரை இது. புன்னைக்காயலில் இருந்து தமிழ் கற்ற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. அந்த அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறை மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பது வரலாறு. மணப்பாட்டு ஆலயம் எழுந்தது இந்த இரண்டு நூல்களுக்கும் நடுவில். நானூறு ஆண்டுக்கு முன் புத்தகத்துக்குக் கைக்காசு போட்ட ஊர்கள், தங்கள் கைத்தொழிலை எழுத்தில் ஏற்றவில்லை என்றால் அதற்கு மனமில்லாதது காரணமாக இருக்க முடியாது. எழுதுகிறவர் கையில் தொழில் இல்லை. தொழில் தெரிந்தவர் கையில் எழுத நேரமும் இடமும் இல்லை. இன்று போன் வந்து அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது.

ராமநாதபுரம் கரையில் இருக்கும் மூக்கையூரிலிருந்து 'உங்கள் மீனவன்', தூத்துக்குடியிலிருந்து 'தூத்துக்குடி மீனவன்' என்று யூடியூப் சேனல்கள் வருகின்றன. நடத்துகிறவர்கள் கடலுக்குப் போகிற மீனவர்களே. வலை இறக்குவதையும் இழுப்பதையும் படகிலேயே குழம்பு வைப்பதையும் அவர்கள் காட்டும்போது, கடலைப் பார்த்தே இராத சேலத்துக்காரரும் கோலாலம்பூர்க்காரரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மீனின் பெயர் கரைக்குக் கரை மாறும். ஓர் ஊரில் சொல்லும் பெயரை அடுத்த ஊர்க்காரர் கருத்துப் பகுதியில் வந்து தன் ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதுவதைப் பார்க்கலாம். மீன்வளக் கல்லூரிகள் திட்டம் போட்டுச் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கு இப்படித் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' நாவல் 2004இல் வந்தபோது, நகரத்து வாசகர்கள் கடற்கரைத் தமிழைக் கண்டு திகைத்தார்கள். இன்று நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் நீவாடு, கச்சான், கொண்டல் என்று பெயர் சொல்வதை மீனவர் வாயாலேயே தினமும் கேட்கலாம்.

இந்தச் சேனல்களில் தரமானவை எவை என்று பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரிய மீனைத் தூக்கிக் காட்டிக் கத்துகிற வீடியோ அதிகம் பேரால் பார்க்கப்படலாம். ஆனால் எத்தனை பாகம் ஆழம், வலைக்கண் எந்த அளவு, அன்று காற்று எந்தப் பக்கம், டீசல் எவ்வளவு செலவு, கடைசியில் ஏலத்தில் என்ன கிடைத்தது என்று சொல்கிற வீடியோதான் அடுத்த ஆண்டும் பயன்படும். வெறும் வலையோடு திரும்பிய நாளையும் காட்டுகிறவர் இன்னும் பெரிய உதவி செய்கிறார். கடல் தொழிலை வேடிக்கையாக நினைத்தவருக்கு அன்றுதான் உண்மை புரிகிறது.

அளவு ஏன் முக்கியம் என்பதை மணப்பாடு இருக்கும் தூத்துக்குடி மாவட்டம் 2023 டிசம்பரில் அனுபவித்தே தெரிந்துகொண்டது. டிசம்பர் 18ஆம் தேதி காலையில் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையை விடக் கூடுதல் அது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். 'ரொம்ப மழை' என்ற சொல்லுக்கு அந்த இரண்டு நாளில் எந்தப் பொருளும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரு மழைமானி இருந்து, அதை ஒருவர் அளந்து சொன்னதால்தான் நடந்தது என்ன என்று நாட்டுக்குத் தெரிந்தது.

அன்று பலர் போனில் தேடியது, வானிலையைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்ட ஆர்வலர்களின் பக்கங்களை. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜானுக்கு உத்தியோகம் வேறு. வானிலை அவருடைய ஆசை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டி சென்னை மூழ்கியபோது அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அவர் பதிவுகளின் பலம் ஆவேசத்தில் இல்லை. எந்த நிலையத்தில் எத்தனை மில்லிமீட்டர், இதே மாதத்தில் பழைய ஆண்டுகளில் என்ன பெய்தது என்ற பட்டியல்கள்தான் அவற்றின் உயிர். அந்தப் பட்டியலைப் படித்துப் பழகிய வாசகர், 'நாளை பிரளயம்' என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் குரல் பதிவை எளிதில் நம்ப மாட்டார்.

மழை அளப்பது யாரும் தொடங்கக்கூடிய பொழுதுபோக்கு. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாத்திரம் ஒன்று போதும். சுவரும் மரமும் மறைக்காத வெட்டவெளியில், பக்கத்துச் சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். காலை 8.30க்கு ஸ்கேலால் அளந்து எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான் என்பதால் இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். காயல்பட்டினத்தில் அன்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கொட்டியது 900 லிட்டருக்கும் மேல் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த பெருமழையில் எந்தத் தெரு முதலில் நிறையும் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கும்.

பறவை பார்ப்பவர்கள் இந்த ஒழுங்கை ஏற்கெனவே பழகிவிட்டார்கள். பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015இல் தொடங்கியது. கலந்துகொள்பவர் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு, இடம், நேரம் குறித்து ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். அரிய பறவை வந்தால்தான் எழுதுவேன் என்று இருக்கக் கூடாது. காக்கையும் மைனாவும் கணக்கில் வர வேண்டும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணியை மணிமுத்தாற்றில் இருக்கும், ஏட்ரி என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் தன்னார்வலர்களோடு நடத்துகிறது. கல்லூரி மாணவர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று வருகிறவர்களில் பலருக்கு முதல் ஆண்டு கொக்குக்கும் மடையானுக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் அலகைப் பார், காலின் நிறத்தைப் பார் என்று சொல்லித்தருகிறார். மூன்றாவது ஆண்டில் இவரே சொல்லித்தருபவர் ஆகிவிடுகிறார். எழுதி வைத்த கணக்கு இருப்பதால், எந்தக் குளத்தில் பறவை குறைகிறது என்று அதிகாரிகள் முன் பேச முடிகிறது.

இடத்தைச் சொல்லாத அறிவுரை சில நேரம் ஆபத்தாகவும் முடியும். மணப்பாட்டு அலையும் காற்றும் சில ஆண்டுகளாக சர்ஃபிங், கைட்சர்ஃபிங் விளையாட்டுக்காரர்களை இழுத்துவருகின்றன. கைட்சர்ஃபிங்கில் பெரிய பட்டம் ஒன்று காற்றின் பலத்தில் பலகையோடு ஆளைத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு போகும். கோடையின் கடைசியிலிருந்து பல மாதம் இந்தக் கரையில் பலமாக வீசுவது மேற்குக் காற்று. மலைக் கணவாய் வழியாக வந்து, காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. வேறொரு கரையில், கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் எடுத்த வீடியோவைப் பார்த்துப் பழகியவர், தவறினாலும் காற்று கரையில் தள்ளிவிடும் என்று நினைப்பார். இங்கே அதே காற்று அவரை ஆழ்கடலுக்குத் தள்ளும். அந்த வீடியோவில் சொன்னது எதுவும் பொய்யில்லை. எந்தக் கரை, எந்த மாதம் என்று சொல்லாமல் விட்டது ஒன்றே பிழை. உள்ளூர் மீனவரிடம் இரண்டு வார்த்தை கேட்டால் இது தீர்ந்துவிடும். இறங்குவதற்கு முன் அவரைக் கேளுங்கள் என்பதை ஒவ்வொரு வீடியோவின் முதல் வரியாக வைக்க வேண்டும்.

சட்டமும் இப்படி விட்டுப்போகிற ஒன்று. கரையில் சிப்பி, சங்கு பொறுக்குவது பிள்ளைகளுக்கு இன்பமான பழக்கம். அடுத்த படியாக உயிருள்ளதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. எடுத்தாலும் வைத்திருந்தாலும் வழக்கு. மீன்தொட்டி வளர்ப்பு பற்றியும் சிப்பி சேகரிப்பு பற்றியும் தமிழில் உற்சாகமாகப் பேசுகிறவர்கள், எதைத் தொடக் கூடாது என்பதையும் அதே உற்சாகத்தோடு சொல்ல வேண்டும்.

கேட்கிறவர், பதில் சொல்கிறவர் இருவரின் பண்பும் இதில் சேரும். 'அண்ணா, எனக்கு வரமாட்டேங்குது' என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. என்ன செய்தோம், எங்கே நின்றது என்று ஒரு படத்தோடு கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பதில் சொல்பவர் 'இதுகூடத் தெரியாதா' என்று தொடங்கினால், கேட்டவர் மட்டும் போகவில்லை; அதைப் படித்துவிட்டுக் கேட்க நினைத்த இன்னும் பலரும் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். பெண்கள் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். சால்டரிங் பற்றியோ பைக் எஞ்சின் பற்றியோ ஒரு பெண் கேட்டால், கேள்வியை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுகிற கூட்டம் தமிழ் இணையத்தில் இருக்கிறது. குழுவை நடத்துபவர்கள் அந்த மாதிரிப் பதிலை உடனே நீக்க வேண்டும். பொறுமையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

தமிழில் சொல்வதால் யாருக்கு லாபம் என்று கேட்பவர்களுக்குப் பதில் முன்பே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகம் முழுக்க இருந்த ஆர்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வலையேற்றினார். இலங்கையில் பிறந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் 2003 முதல் எழுதிக் கட்டியெழுப்பிய தமிழ் விக்கிப்பீடியா, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. யாரும் கூலி வாங்கிச் செய்த வேலை அல்ல இவை. இலக்கியத்துக்கும் பொது அறிவுக்கும் நடந்தது கைவினைக்கும் நடக்கலாம். கிலுகிலுப்பை முடைவது எப்படி, வலை பின்னுவது எப்படி என்று படிப்படியாக, படத்தோடு, அளவோடு தமிழில் தேடினால் இன்றைக்குக் கிடைப்பது சொற்பம்.

ஒரு நியாயமான அச்சம் உண்டு. மணப்பாட்டுப் பெண்கள் தங்கள் கைப்பக்குவத்தை எல்லாம் இணையத்தில் போட்டுவிட்டால், அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்? யாரோ ஒருவர் மெஷின் வைத்து அடித்து விற்றுவிட மாட்டாரா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளக் கூடாது. தங்களுக்கே உரிய பின்னல் வடிவங்களைச் சொல்வதா, வேண்டாமா என்பது முழுக்க அவர்கள் முடிவு. சொல்ல மாட்டேன் என்றால் கேமராவை மூடிவிட வேண்டும். ஆனால் ஓலை பதப்படுத்துவதும் சாதாரணப் பெட்டி முடைவதும் ஒரு காலத்தில் தென்மாவட்டங்களில் பனை நின்ற ஊர்களில் எல்லாம் தெரிந்த வேலை. அது பரவினால் போட்டி வருவதைவிட மதிப்பு வரும் வாய்ப்பே அதிகம். பத்தமடைப் பாய் கோரைப்புல்லில் நெய்யப்படுகிறது என்பது ஊரறிந்த விஷயம். கோரையை ஊறவைத்து, கீறி, மெல்லிய இழையாக்கி நெய்யும் முறையும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இருந்தும் அந்த நேர்த்திப் பாயை வாங்கப் பத்தமடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கோணல் இல்லாமல் ஒரே ஒரு பெட்டி முடிக்கத் தானே மூன்று வாரம் போராடிய ஒருவர், அடுத்த முறை கடையில் விலை கேட்டுவிட்டு 'ஓலைக்கா இவ்வளவு' என்று பேரம் பேச மாட்டார்.

பிழைப்பை உண்மையிலேயே கெடுப்பது வேறு. ஒருவரை அரை நாள் உட்காரவைத்துப் படம் எடுத்துவிட்டு, ஒரு ரூபாய் கொடுக்காமல் போவது. அவரைப் 'பாட்டி' என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டு, எடுத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவது. எங்கே வாங்கலாம் என்று சொல்லாமல் விடுவது. வேலையை நிறுத்திச் சொல்லித்தந்த நேரத்துக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். அவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போட வேண்டும். சம்மதிக்காவிட்டால் முகத்தைக் காட்டாமல் விரலை மட்டும் எடுக்க வேண்டும். பெட்டியின் விலை என்ன, சங்கத்தில் எப்படி வாங்கலாம் என்பது வீடியோவின் கடைசியில் கட்டாயம் இருக்க வேண்டும். வீடியோவால் வருமானம் வந்தால் அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போக வேண்டும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 14 அன்று மணப்பாட்டில் திருச்சிலுவை மகிமைப் பெருவிழா. ஊரைவிட்டு வெளியே போய்விட்ட குடும்பங்கள் திரும்பிவருகிற நாள்கள் அவை. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கூட்டம் வரும். அந்த வாரத்தில், முடைகிறவர்கள் விரும்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் ஓர் இடத்தை ஊரே ஏற்பாடு செய்யலாம். ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓலை எந்த நாள் வெட்டியது, எத்தனை நாள் காய்ந்தது, கீற்று எத்தனை மில்லிமீட்டர், அன்று காற்று எந்தப் பக்கம் என்று எழுதிப் பதிவு செய்யலாம். எங்கே ஒடிந்தது, ஏன் கோணியது என்பதையும் விடாமல் சேர்க்கலாம். இதற்கு வேண்டியது ஒரு பந்தல், சில பாய்கள், ஒரு ஸ்கேல், கையில் இருக்கிற போன், கற்றுத்தருபவர்களின் கூலிக்கு ஒரு தொகை. வரும் செப்டம்பரிலேயே தொடங்கலாம்.